மேல் மாடிக் கிட்டார்காரனுக்கு

இங்கின வா மக்கா, உக்காரு. பயப்படாதே, சண்டை பிடிக்கக் கூப்பிடல. நேத்து மத்தியானம் மூணு மணிக்கு நீ மேல வாசிச்சியே, அதைக் கேட்டு வராகக் கோயில் குளத்து மீனெல்லாம் அக்கரைக்கு ஒதுங்கிட்டுன்னு பூக்காரி சொல்லிட்டுப் போறா. "சின்னப் பிள்ள, படிச்சுக்கிட்டு இருக்கான்"னு சமாளிச்சு அனுப்பினேன். ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிஷம்னு சொன்னே. கொள்ளாம். நான் குளிச்சு, வேட்டிய அலசிக் காயப்போட்டு, கஞ்சியும் குடிச்சுட்டு வந்து பாக்கேன், நீ இன்னும் பல்லவிக்கே வரல.

அதுக்குப் பேரு புரோகிரசிவ் ராக்குன்னு சொல்லுதே. பூதப்பாண்டி வயக்காட்டுல வளந்த கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நினைக்காதே. எங்கப்பாவுக்கு இந்தத் திருவனந்தபுரத்துல வேலை. 1956-ல எல்லைய மாத்தி எழுதினப்போ ஊரு அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டோம். பொறகு ஒன் சின்னப் பாட்டா மஸ்கட்டுக்குப் போயி, லீவுக்கு வரும்போது ஒரு டேப் ரெக்கார்டரும் பெட்டி நிறைய கேசட்டும் கொண்டுவந்தான். யேசுதாஸ் கேசட்டெல்லாம் கல்யாண வீடுகளுக்கு இரவல் போயித் திரும்பி வரல. யாரும் இரவல் கேக்காதது நாலஞ்சு மிஞ்சிச்சு. யெஸ், ஜெனிசிஸ், ரஷ். வேற கதியில்லாமக் கேட்டேன். கேட்டுக் கேட்டுப் பிடிச்சுப் போச்சு. ஒன் பாட்டிகிட்ட இன்னைக்கு வரை சொன்னதில்ல, நீயும் சொல்லாதே.

அந்தப் பயக்க சாமானியப்பட்டவனுக இல்ல. லாரி லாரியா சாமான் ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போனவனுக. ஏழு மாத்திரை, அஞ்சு மாத்திரைன்னு கணக்குப் போட்டு ஜனங்களக் கிறுகிறுக்க வைப்பானுக. நீயும் போன வாரம் "பாட்டா, இது ஏழு"ன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னே. மூணும் நாலும் ஏழு, மிஸ்ர சாபு. ரெண்டும் மூணும் அஞ்சு, கண்ட சாபு. நவராத்திரி மண்டபத்துல சம்மணம் போட்டிருக்க கிழங்கட்டைகள் தொடையில தட்டுறதப் பாத்ததில்லையா? ஒரு மிருதங்கக்காரர் முன்னால போயி ஏழுன்னு பெருமை பேசிராதே, மானம் போயிரும்.

நான் சொல்ல வந்தது வேற. இம்புட்டு ஆர்ப்பாட்டத்துக்கு நடுவுல ஒரு இடம் வரும். டிரம்ஸ்காரன் குச்சியக் கீழ வச்சிருவான். ஆர்கன்காரன் கைய எடுத்துருவான். ஒருத்தன் மட்டும் ஒத்தக் கிட்டார மடியில வச்சுக்கிட்டு விரலால மீட்டுவான். எங்கிட்ட இருக்க கேசட்டுல எல்லாம் தேஞ்சு போன இடம் அந்த இடந்தான்.

1972-ல வந்த ஃபாக்ஸ்ட்ராட் எடுத்துக்கோ. ஜெனிசிஸ் கோஷ்டியோடது. ரெண்டாம் பக்கத்துல சப்பர்ஸ் ரெடின்னு 23 நிமிஷப் பாட்டு, ஒங்க ஆளுக தலைமேல தூக்கி வச்சு ஆடுறது. அதுக்கு முன்னால ஹொரைசன்ஸ்னு ஒண்ணு, ஒண்ணே முக்கால் நிமிஷங்கூட வராது. வாசிச்சது ஸ்டீவ் ஹாக்கெட். அப்ப அவனுக்கு 22 வயசு, ஒன் வயசு. பாக்குன்னு ஒரு ஜெர்மன் வித்வான் செல்லோவுக்கு எழுதின முதல் சூட் இருக்கு. அதோட முகப்ப மனசுல வச்சுக்கிட்டு இவன் தன் பாட்டுக்கு ஒண்ணு கட்டினான். ஒரு ஸ்வரம் ஓயுறதுக்குள்ள அடுத்தது வந்து தோளத் தொடும். கம்பிய அழுத்தாம விரல் நுனியால சும்மா தொட்டு மீட்டினா மணி போல ஒரு நாதம் வருமே, அதையும் அளவாத்தான் வச்சிருக்கான். அவன் பின்னால 1983-ல பே ஆஃப் கிங்ஸ்னு முழுத் தட்டையுமே மின்சாரம் இல்லாத கிட்டார்ல போட்டான். ருசி கண்டுட்டான், விட முடியல.

யெஸ் கோஷ்டியில இன்னும் வேடிக்கை. 1971-ல ஃபிராஜைல்னு ஒரு தட்டு. அஞ்சு பேரும் ஆளுக்கொரு உருப்படி அவனவன் யோசனைப்படி செய்யணும்னு ஏற்பாடு. டிரம்ஸ்காரன் பில் புரூஃபோர்டு 35 செகண்டுல காரியத்த முடிச்சுட்டான், எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன். கிட்டார்காரன் ஸ்டீவ் ஹோ மூணு நிமிஷம் எடுத்துக்கிட்டு மூட் ஃபார் எ டே வாசிச்சான். ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ வாடை அடிக்கும். ரஷ் கோஷ்டியில அலெக்ஸ் லைஃப்சன் 1981 மேடைத் தட்டுல புரூன்ஸ் பேன்னு சின்னதா ஒண்ணு வாசிச்சுட்டுத்தான் மரங்களப் பத்தின பாட்டுக்குப் போறான். ஜெத்ரோ டல் கோஷ்டி 1969-ல ஊதின புரே இருக்கே, அது குழல்ல வந்தாலும் மூலம் பாக் லூட்டுக்கு எழுதினது. கிட்டார் படிக்கப் போற பிள்ளைகள் அதுகிட்ட ஒரு நாள் மாட்டாமத் தப்பாது.

கேட்டியா, இத்தனை பேரும் சத்தத்துல கெட்டிக்காரனுகதான். ஆனா சத்தமில்லாமலும் வாசிக்கத் தெரிஞ்சவனுக. ஒன் கதை அப்படியா? கால்ல மிதிக்கியே பெடலு, அதுல நாலு சேத்து மிதிச்சா நீ தொட்டது ஸ்வரமா, தப்பு விரலான்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. காறின தேங்காய வறுத்துத் தீயல் வச்சா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். அதையே பாலாப் பிழிஞ்சு பாரு, காட்டிக் கொடுத்துரும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் அந்த ஜாதி. நீ படிக்க வேண்டியது அதத்தான்.

அந்த நைலானும் நேத்து வந்த சாமான்தான். அதுக்கு முன்னால ஆட்டுக்குடல்ல திரிச்ச நரம்பு. ரெண்டாம் உலகப் போர்ல குடல் நரம்பெல்லாம் காயம் தைக்கப் போயிட்டு. நியூயார்க்குல அகஸ்டின்னு வாத்தியம் செய்யுற ஒருத்தர் நைலான் இழைய எடுத்து முறுக்கிப் பாத்தாரு. செகோவியான்னு ஸ்பெயின்காரர், கிட்டார் உலகத்துக்கே பெரியவர், அவரும் கூட நின்னாரு. ஆக, நீ இப்போ படிச்சா பாட்டிக்கு ஆச்சாரக் கொறை ஒண்ணுமில்லேன்னு நானே சாட்சி சொல்லுவேன்.

இது வெள்ளக்காரன் வாத்தியம், நம்ம ஊருல யாருக்கு வேணும்னு ஒங்கப்பன் இழுப்பான். அவன எங்கிட்ட விடு. தஞ்சாவூர் வடிவேலு இந்த ஊர் அரண்மனைக்கு வயலின் கொண்டுவந்தப்போ அது யாரு வாத்தியமாம்? 1834-ல ஸ்வாதித் திருநாள் மகாராஜா அவருக்கு தந்தத்துல செஞ்ச வயலினே கொடுத்தாரு. மகனுக்கு வேண்டியது நைலானு, அதுக்கே அப்பன் ரூவாய எண்ணிப் பாக்கான். இன்னும் கேளு. அதே மகாராஜா செஞ்ச தனாஸ்ரீ தில்லானாவ பெங்களூர் அகம் கோஷ்டி 2012-ல கிட்டாரும் டிரம்சும் போட்டுத் தட்டுல ஏத்தினானுக. அதுக்குக் கர்நாடக புரோகிரசிவ் ராக்குன்னு பேரு. அந்த மகாராஜாவோட குதிரமாளிகை இந்தா, நடந்து போற தூரம். கூரைக்குக் கீழ 122 மரக்குதிரை, ஒண்ணுகூட மிரண்டு ஓடல. நம்ம இளையராஜா மட்டும் என்ன, லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கினவரு. 1986-ல ஹௌ டு நேம் இட் தட்ட தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேத்துக் காணிக்கை வச்சாரு. ஒங்கப்பன் கல்யாணத்துக்கு முன்னால பயணங்கள் முடிவதில்லை படத்து கிட்டாரக் கேட்டு உருகினது எனக்குத் தெரியாதா? வாசிச்சது சந்திரசேகர்னு ஒரு மகராசன். எதிர்த்தான்னா அதையும் எடுத்து விடுவேன்.

இப்போ காரியத்துக்கு வா. மொதல்ல அந்த நகத்தக் கடிக்கத நிறுத்து. இடது கை நகம் ஒட்ட இருக்கணும், இல்லேன்னா கம்பிய அழுத்த முடியாது. வலது கையில கட்டைவிரலும் அடுத்த மூணும் சதைக்கு மேல கொஞ்சம் வளரணும். வளந்தத அப்படியே விட்டா கம்பியில பிறாண்டும். நைஸ் உப்புத்தாள்ல ஓரத்தத் தேச்சு வழவழன்னு ஆக்கணும். இடது காலுக்குக் கீழ வைக்க ஒரு ஸ்டூல் விக்கான், அத வாங்காதே. அடுக்களையில மணைப்பலகை சும்மா கெடக்கு. புதுக் கம்பி மாட்டினா நாலஞ்சு நாளைக்கு இழுத்துக்கிட்டே இருக்கும், சுருதி இறங்கிக்கிட்டே வரும். "கிட்டார் கெட்டுப் போச்சு பாட்டா"ன்னு அழுதுக்கிட்டு வராதே, மறுபடி முறுக்கிக்கோ. இடவப்பாதி மழை தொடங்கினா பலகை ஈரம் குடிக்கும். சுவரோரம் சாத்தாதே, உறைக்குள்ள போட்டுக் கட்டிலுக்கு மேல வை. தடிச்ச மூணு கம்பியிலயும் செம்பு சுத்தியிருக்கும். விரல் வழுக்கும்போது அதுல கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். மெதுவா வாசி, விரல எடுத்து வை, அது அடங்கிரும்.

ஹொரைசன்ஸத் தொடு. ஆறு மாசம் ஆனாலும் சரி. அவசரப்பட்டு மூட் ஃபார் எ டேக்குத் தாவாதே. அதுக்கு விரல் நிக்கணும், ஒன் விரல் இப்போ ஓடத்தான் செய்யுது. அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கி எறியச் சொல்லல. சாயந்திரம் ஆறுக்கு மேல கூட்டாளிகளோட போட்டு அலறு. நான் அந்நேரம் கோயில்ல இருப்பேன், எனக்கென்ன.

ரூவாய்க்கு ஒங்கப்பங்கிட்ட நான் பேசுதேன். ஒரே ஒரு கண்டிசன். மத்தியானம் மூணு மணி தொட்டு நாலரை வரை நைலான் மட்டுந்தான். என்னத்துக்கு மூணு மணின்னு கேக்காதே, அதுதான் சாதகத்துக்கு நல்ல நேரம்னு வச்சுக்கோ. கீழ நான் தூங்கிட்டேன்னா நீ சரியா வாசிக்கேன்னு அர்த்தம். முழிச்சுட்டேன்னா எங்கியோ விரல் பிசகிட்டு, மொதல்லேருந்து தொடங்கு. தூங்கிட்டேனான்னு எட்டிப் பாக்க மட்டும் வராதே, அந்த மூணாம் படி கிறீச்சுங்கும்.