விலைமயக்கவியல்: மட்டக்களப்பு வாவிக்கரைப் பழம்பொருள் பேரங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய காசு, முத்திரை, பித்தளைச் சாமான் முதலியவற்றை விற்க வருபவருக்கும் வாங்க இருப்பவருக்கும் இடையில் விலை பற்றி எழும் மனத்தாங்கலை இக்கட்டுரை ‘விலைமயக்கம்’ எனப் பெயரிட்டு ஆராய்கிறது. மீன் பாடுகிறதா இல்லையா என்பதை அறிய எத்தனையோ பேர் இவ்வாவிக்குள் இரவிரவாகக் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதே வாவிக்கரையில் பட்டப்பகலில் உரத்த குரலில் நடக்கும் பேரங்களுக்கு அறிஞர் எவரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. அக்குறையை இக்கட்டுரை ஒரு கடை வாங்கில் இருந்தபடியே தீர்க்க முயல்கிறது. பேரத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, ஒரே பொருளுக்கு உள்ள பல விலைகளில் ஆளுக்கொன்றைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் முடிவு. அவசரக்காரர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

1. ஆய்வுப் பரப்பு

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோரமாகக் கிழக்கே எழுவான்கரை, வயல்புறமாக மேற்கே படுவான்கரை. படுவான்கரையில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பழைய வீடு பிரிக்கும்போதும் பொருள் அகப்படுகிறது. கடையும் வாங்குபவரும் இருப்பது எழுவான்கரையில். முன்பு மண்முனைத் துறையில் தோணிக்குக் காத்திருந்து வந்த பொருள், 2014இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறது. தோணியில் வந்த நாளில் யோசித்து யோசித்து விலை சொன்னவர்கள், இப்போது யோசிக்காமலே அதே விலையைச் சொல்கிறார்கள்.

வாங்குவோர் மூவகை. சைக்கிளில் வந்து போத்தல், பழைய இரும்பு, பித்தளை எடுப்பவர் முதல் வகை. அவர் கருவி தராசு. நகரிலோ காத்தான்குடியிலோ சின்னக் கடை வைத்திருப்பவர் இரண்டாம் வகை. அவர் கருவி பூதக்கண்ணாடி. கொழும்பிலிருந்து வந்து போகிறவர் மூன்றாம் வகை. அவர் கருவி கைத்தொலைபேசி. ஒரே பாக்குவெட்டியை முதலாமவர் நிறுக்கிறார், இரண்டாமவர் திருப்பிப் பார்க்கிறார், மூன்றாமவர் படம் எடுத்து யாருக்கோ அனுப்புகிறார். ஒரே நாளில் மூவரிடமும் விலை கேட்டவருக்கு மூன்று விலை கிடைக்கும். நாலாவது ஆளைத் தேடிப் போகும் உறுதியும் கூடவே கிடைக்கும்.

2. வரலாற்றுப் பின்னணி

விலைமயக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் 1638 மே 18 அன்று பிடித்தார். ஐந்தாம் நாள், மே 23இல், மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. யுத்தச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களாகக் கொடுக்க வேண்டும். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் இருப்பது அரசன் விரும்பினால் மட்டுமே என்று அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அந்த ‘விரும்பினால்’ இல்லை.

பிறகு நடந்ததை எந்தக் கடைக்காரரும் ஊகிப்பார். கோட்டையைத் தா என்றான் அரசன். கணக்கைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள் என்றது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. கணக்கோ ஏறிக்கொண்டே போனது. போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரைப் பெற்றதை இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று நாட்டார் இன்றும் சொல்கிறார்கள். விலைமயக்கத்தின் மூன்று உறுப்புகளும் இதில் முழுமையாக உள்ளன: முதலில் வாய்ப்பேச்சு, அடுத்து ஆளுக்கொரு சீட்டு, கடைசியில் பில்.

அதே கம்பனியின் செப்புத் துட்டுதான் இன்று வாவிக்கரைக் கடைகளுக்கு அதிகம் வரும் சரக்கு. எட்டுத் துட்டு ஒரு ஸ்டைவர் என்பது ஒல்லாந்துக் கணக்கு. கம்பனியின் ஆசியப் பகுதிகளிலோ நான்கே துட்டுக்கு ஒரு ஸ்டைவர். ஒல்லாந்திலிருந்து வாங்கிவந்து இங்கு மாற்றினால் இரட்டிப்பு லாபம் என்பதால், தன் துட்டைத் தனியே அடையாளம் காணக் கம்பனி தன் முத்திரையெழுத்தை அதில் பொறித்தது. ஆக, கரை மாறினால் விலை மாறும் என்பதைப் பிறக்கும்போதே கற்றுக்கொண்ட காசு அது.

3. வகைப்பாடு

விலைமயக்கம் ஐவகைப்படும்.

முதலாவது, முகமதிப்பு மயக்கம். மத்திய வங்கி 2013இல் இருபத்தைந்து மாவட்டங்களின் பெயரிலும் தனித்தனிப் பத்து ரூபா நாணயம் வெளியிட்டது. மட்டக்களப்புக்கும் ஒன்று உண்டு. ஊர்ப்பற்றுள்ள எல்லாரும் ஒன்றிரண்டை எடுத்துவைத்தார்கள். ஆகவே எல்லாரிடமும் இருக்கிறது. கடையில் கேட்ட உரையாடல்:

“இது எங்கட மாவட்டக் காசு. எவ்வளவு தருவீங்க?”

“பத்து ரூவா.”

“அது காசிலயே போட்டிருக்கு. நான் விலை கேக்கிறன்.”

இதற்கு நேரெதிர், 1859இல் வெளியான இலங்கையின் நாலு பென்ஸ் மங்கிய ரோஸ் நிற முத்திரை. ஓரத்தில் துளையில்லாத அந்தத் தாள்துண்டு, மாசுமறுவில்லாமல் கிடைத்தால் இன்று ஆயிரக்கணக்கான பவுணுக்குப் போகும். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் கடிதத்தோடு சேர்த்து அதை எறிந்துவிட்டதே காரணம். எனவே விதி: ஊரே பத்திரப்படுத்தும் பொருள் பத்து ரூபாவிலேயே நிற்கும்.

இரண்டாவது, நிறை மயக்கம். குத்துவிளக்கு, படிக்கம், வெற்றிலை வட்டா ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. விற்பவர் ‘சீதனமாக வந்த விளக்கு’ என்று தொடங்குவார். வாங்குபவர் ‘எத்தனை கிலோ வரும்’ என்று முடிப்பார். அடுத்த மாதம் அதே விளக்கு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும்போது கிலோக் கணக்கு மறைந்துவிடும். வாங்கும்போது பித்தளை, விற்கும்போது பரம்பரை. இந்த மயக்கத்தில் பாவம் பெரும்பாலும் வியாபாரி பக்கம் என்பதை இவ்வாய்வு தயக்கமின்றிப் பதிவுசெய்கிறது.

மூன்றாவது, வயது மயக்கம். பழையதெல்லாம் விலை கூடியது என்ற நம்பிக்கை. நாலாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்தறுநூறு வயதாகியும் தேய்ந்த காசு தேய்ந்த காசுதான். கம்பனித் துட்டும் அப்படியே, எண்ணிக்கை மிகுதி. அதிலுள்ள VOC என்ற மூன்று எழுத்தைப் பார்த்து ‘வ.உ.சி. அடிச்ச காசு’ என்று ஒருவர் வாதாடியதையும் ஆய்வாளர் கேட்டார். சிதம்பரனார் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது உண்மை. அவர் சுதேசிக் கம்பனி தொடங்கியது 1906இல். காசிலோ 1789 என்று இருந்தது.

நான்காவது, யூடியூப் மயக்கம். ‘இந்தக் காசு உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் கோடீஸ்வரர்’ என்னும் காணொளியால் வருவது. பழைய நாணயம், தாள் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்ட் 4இல் எச்சரிக்க வேண்டி வந்தது. இவ்வகையில் முதல் மரியாதை, இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த 1818ஆம் ஆண்டு ‘அரை அணா’வுக்கு. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் என்ற பெயரில் அதை விற்கிறார்கள். உண்மையில் அது இழுப்பது வாங்குபவரின் சல்லியை.

ஐந்தாவது, பூட்டன் மயக்கம். ‘இது எங்கட பூட்டன்ட கையில இருந்தது’ என்ற ஒரு வசனத்தால் விலை ஏறுவது. இதனை மேலைநாட்டாரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் சிலருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, இதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். விற்கும் விலை வாங்கும் விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக வந்தது. அந்த மாணவர்கள் கோப்பையை வைத்திருந்தது சற்று நேரந்தான். பூட்டன் காலத்திலிருந்து வைத்திருப்பவர் இரு மடங்கோடு நிறுத்திக்கொண்டால் அவரைப் பாராட்ட வேண்டும்.

4. புளிச் சோதனை

இவ்வாய்வின் மிக முக்கியமான கள அவதானிப்பு இது. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெண், சொப்பிங் பேக்குக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்து, முடிச்சவிழ்த்து, ஐந்தாறு காசை மேசையில் பரப்பினார். நேற்று அடித்ததுபோல் எல்லாம் மினுங்கின. எழுத்து இருந்த இடம் வழுவழுப்பாக இருந்தது.

“என்ன புள்ள செய்தீங்க இதுக்கு?”

“ஒரே பாசி காக்கா. பழப்புளியும் சாம்பலும் போட்டு ராவைக்கு விளக்கித்தான் கொண்டுவந்தன். வடிவா இருக்கா?”

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “விளக்கினதோட விலையும் போயித்தே.”

“ஊத்தையா இருந்தாத்தான் விலையா? நல்ல ஞாயம்!”

அந்தப் பெண் கேட்டதில் ஞாயம் உண்டு. விற்கும் சாமானைத் துடைத்து வைப்பதுதான் உலக வழக்கம். மீனைக் கழுவாமல் விற்பாரில்லை. பழங்காசுத் துறையில் மட்டும் வழக்கம் தலைகீழ். காலத்தால் படிந்த பச்சையும் கறுப்பும் காசின் மேல்தோலைக் காக்கின்றன. புளியின் அமிலம் அதை அரித்துவிடும், சாம்பல் எழுத்தைத் தேய்த்துவிடும். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை புள்ளி வகுத்தார். தேய்ந்து உருத்தெரியாததற்கு 1, அச்சிலிருந்து விழுந்தபடியே இருப்பதற்கு 70. எழுபது புள்ளிக் காசு ஒரு புள்ளிக் காசைப்போல் எழுபது மடங்கு பெறும் என்பதே அவர் தொடக்கத்தில் போட்ட கணக்கு. ஒரு உருண்டைப் பழப்புளி ஒரே இரவில் எத்தனை புள்ளியைக் கரைக்கும் என்று ஷெல்டன் எழுதிவைக்கவில்லை. படுவான்கரைக்கு வந்திருந்தால் எழுதியிருப்பார்.

இங்கே இருவருமே நேர்மையானவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அவர் தான் பட்ட பாட்டுக்கு விலை கேட்டார். இவர் அந்தப் பாட்டால் அழிந்ததற்கு விலை கழித்தார்.

5. கோட்பாடு

ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் பழைய கார்ச் சந்தையை ஆராய்ந்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் போகும்போது சந்தையே கெட்டுவிடும் என்று காட்டினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். வாவிக்கரையில் இது மறுபக்கமாக நடக்கிறது. இங்கு சரக்கைப் பற்றி அறிந்தவர் வாங்குபவர், அறியாதவர் விற்பவர். அறியாதவருக்கு ஒரே ஆயுதம், தோன்றியதை இரட்டிப்பாக்கிச் சொல்வது. அது தெரிந்த வியாபாரி பாதியாக்கிக் கேட்கிறார். ஆகவே முதலில் சொன்னதும் முதலில் கேட்டதும் விலையல்ல, இரண்டும் தற்காப்பு.

அட்டவணைப் புத்தகம் பார்த்தால் தீரும் என்பார் உண்டு. லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் 1865 முதல் முத்திரை விலைப்பட்டியல் போடுகிறது. அதிலுள்ள விலை, நல்ல நிலையிலுள்ள முத்திரையைத் தாங்கள் என்ன விலைக்கு விற்போம் என்பதே. உங்களிடம் என்ன விலைக்கு வாங்குவோம் என்பதன்று. இந்த ஒரு வரியைப் படிக்காததால் முறிந்த பேரங்கள் அநேகம். வியாபாரிக்கும் ஞாயம் பேச வேண்டும்: இன்று வாங்கியதை அவர் நாளைக்கே விற்பதில்லை. வருடக்கணக்கில் காசு முடங்கும். ஒன்றிரண்டு போலியாகவும் போகும். அந்த இடைவெளிக்குக் கூலி உண்டு. கூலி எவ்வளவு என்பதைச் சொல்லாமல் சிரிப்பதுதான் குற்றம்.

செல்லாக்காசுக்கும் விலை உண்டு. நிதியமைச்சர் என். எம். பெரேரா 1970 இறுதியில் ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவை ஆக்கினார். சட்டப்படி வங்கியில் கொடுத்தவர் கையில் இன்று ஒன்றுமில்லை. பயத்தில் கொட்டப்பெட்டிக்குள் ஒளித்து மறந்தவரின் பேரன் அதைச் சேகரிப்பாளரிடம் விற்கிறான். சட்டத்தை மதித்தவருக்கு இத்துறையில் இடமில்லை என்பது ஆய்வாளருக்கு வருத்தமே.

6. சட்டத்தின் நிலைப்பாடு

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. மண்ணுக்குள் இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணி உங்களுடையது என்பதால் மட்டும் அது உங்களுடையது ஆகாது. உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பவும் கூடாது. இதில் ஆங்கிலேயர் ஆராய்ச்சியாளருக்கென்றே ஒரு சிக்கல் வைத்துப் போனார்கள்: யானை பொறித்த ஸ்டைவர் காசின் ஆண்டு 1815. மாதம் பொறிக்கவில்லை. அது மார்ச் 2க்கு முந்தியதா பிந்தியதா என்று யானையைத்தான் கேட்க வேண்டும்.

7. முடிவும் பரிந்துரையும்

ஒரு பழம்பொருளுக்கு நான்கு விலை உண்டு: விற்பவர் மனத்திலுள்ள விலை, வாங்குபவர் வாயிலுள்ள விலை, புத்தகத்திலுள்ள விலை, கைமாறிய விலை. முதல் மூன்றும் அபிப்பிராயம். நடந்த விலையே விலை. எனவே விற்கப் போகிறவர் ‘என்ன தருவீங்க’ என்பதோடு நிறுத்தாமல் ‘இதை நீங்க என்னத்துக்கு விப்பீங்க’ என்றும் கேட்க வேண்டும். வியாபாரி இரண்டுக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் விற்காதீர்கள். இரண்டு கடை ஏறி இறங்குங்கள், நாலாவது கடைக்கு மேல் போகாதீர்கள். பூட்டனுக்கு உரிய மரியாதையை வீட்டில் கொடுங்கள். கடையில் அதற்குக் காசு கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழங்காசு அகப்பட்டால் அப்படியே காகிதத்தில் சுற்றி வையுங்கள். பழப்புளி மீன் குழம்புக்கு உதவட்டும்.