முன்பக்க ஜன்னல்

செராஸ், கோலாலம்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை நினைத்தால்தான் கவலை. மாதக்கணக்கில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று கைப்பேசியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்த மனிதர், ஷெங்கன் விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கோலாலம்பூருக்கு மனம் மாறிவிட்டாராமே. 2024 ஜூனுக்கு முன்னால் கேட்டிருந்தால் 80 யூரோவோடு போயிருக்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களிடம் 30 நாளுக்கு விசாவே கேட்பதில்லை. வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையைப் பூர்த்தி செய்தால் போதும். திருச்சியிலிருந்து நேராக விமானம். போதாக்குறைக்கு மச்சினன் வேறு செராஸில். இத்தனையும் கூடி வந்தால் எந்த அத்தானுக்குத்தான் மனம் மாறாது?

ஆனால் மச்சினன் வீட்டில் தங்கமாட்டாராம். ஐரோப்பா போனால் எப்படித் தங்குவார்களோ அப்படியே தங்க வேண்டுமாம். அவர் சொல்லியனுப்பிய லட்சணங்கள் இவை: கட்டடம் பழசாக இருக்க வேண்டும், படுக்கை புதுசாக இருக்க வேண்டும். கீழே காப்பிக்கடை. நடக்கிற தூரத்தில் ரயிலடி. ஜன்னலைத் திறந்தால் தெரு தெரிய வேண்டும். வாடகை மட்டும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் கணக்கில் வர வேண்டும். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இத்தனை கேட்டதாக உன் தம்பிக்கு ஞாபகமில்லை.

முதலில் செராஸையே பார்ப்போம். பாதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்திலும் பாதி சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்திலும் கிடக்கிற ஊர் இது. எந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பேட்டைக்கு, போனாலும் கடைவீட்டு வரிசை ஒன்று இருக்கும். கீழே டயர் கடை, பக்கத்தில் பல் மருத்துவர், மாடியில் 'ஹோட்டல் பஜெட்'. வாடகை மலிவு, ஏசி ஐஸ் மாதிரி, குளியலறையில் வெந்நீர். 2017 ஜூலையில் காஜாங் வரைக்கும் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து தாமான் கோனாட்டில் ஏறினால் இருபது நிமிடம் சொச்சத்தில் பசார் செனியில் இறங்கிவிடலாம். புதன்கிழமை ராத்திரி கோனாட்டில் கூடுகிற பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும். புழுக்கத்தில் புகைக்கு நடுவே அத்தனை தூரம் நடந்தவனுக்கு ஐரோப்பா ஞாபகம் வராது. அத்தானுக்கு வரும். ஜன்னலைத் திறந்து மேம்பாலத்தைப் பார்த்ததும் வந்துவிடும். ஆகவே செராஸ் கூடாது.

அவர் கேட்கிற சாமான் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம்தான் கிடைக்கும். ஜாலான் சுல்தான், ஜாலான் துன் எச்.எஸ். லீ என்று ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கிற தெருக்களில் பழைய சீனக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1881-இல் முதலில் தீ, அடுத்து வெள்ளம் என்று வந்து இந்த ஊரின் அத்தாப்பு ஓலைக் கொட்டகைகளைத் துடைத்துப்போட்டன. மறு வருடம் சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாகத்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சீனத் தலைவர் யாப் ஆ லோய் செங்கல் சூளை போட்டார். சூளை இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. நம்மாட்கள் இன்று இட்லி தின்னப் போகிற பிரிக்பீல்ட்ஸ்தான்.

இந்தக் கடைவீட்டின் முகப்பு குறுகல், இருபதடி இருந்தால் அதிகம். உள்ளே போகப் போகப் போய்க்கொண்டே இருக்கும். நம் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டை ஒரு சாண் அகலத்துக்கு நறுக்கி நிறுத்தினாற்போல, நடுவில் வானம் பார்த்த முற்றமும் உண்டு. அந்நாளில் கீழே வியாபாரம், மேலே குடும்பம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அந்த முற்றம் போதுமாக இருந்தது. அதையே இன்று ஹோட்டலாக மாற்றுகிறவர் நீளவாக்கில் அறை அறையாகத் தடுக்கிறார். தெருவைப் பார்க்கும் அறை மாடிக்கு இரண்டோ மூன்றோதான் தேறும். மிச்ச அறைகளுக்கு ஜன்னலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மலிவு வாடகைக்கு வருகிற அறைகளில் ஜன்னலே இல்லாதவை ஏராளம். நாணயமான ஹோட்டல்காரர் அறையின் பெயரோடு சேர்த்தே 'ஜன்னல் கிடையாது' என்று போட்டுவிடுவார். நாணயம் கொஞ்சம் குறைந்தவர் திரைச்சீலை மாட்டிவிடுவார். உன் தம்பி ஒரு தடவை ராத்தங்கிய அறையில் உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் கனத்த திரை, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. காலையில் வெயிலைப் பார்க்கலாம் என்று விலக்கினால் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்புறம் மாடி நடைவழி. நடைவழியில் துடைப்பத்தோடு நின்ற அம்மாள் உள்ளே பார்த்து, சிரித்து, கையாட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். விளம்பரத்தில் இதற்கும் ஜன்னல் அறை என்றே பெயர். தெருப் பக்கம், முற்றத்துப் பக்கம், நடைவழிப் பக்கம் என்று ஜன்னலில் மூன்று ஜாதி உண்டு. முதலிரண்டில் எதுவானாலும் தாராளமாக எடுக்கலாம். மூன்றாவதற்கு ஜன்னலே இல்லாத அறை எவ்வளவோ மேல், யாரும் கையாட்டமாட்டார்கள்.

'ஐரோப்பாவில் இப்படியா இருக்கும்' என்று அத்தான் அலுத்துக்கொள்வார். அங்கேயும் இதே கதைதான். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரை வீடுகள் நம் கடைவீட்டுக்கு உறவு என்று சொல்லலாம், அப்படிக் குறுகல். மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. கட்டில், பீரோவை அதில் ஏற்ற முடியாமல் முகட்டில் உத்தரமும் கொக்கியும் வைத்துக் கயிற்றால் ஜன்னல் வழியாகத் தூக்குவார்கள். அந்தக் கொக்கிகள் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. லண்டனிலோ ஈஸிஹோட்டல் என்ற நிறுவனம் 2005-இல் தென் கென்சிங்டனில் ஜன்னல் இல்லாத அறையையே மலிவு விலை என்று சொல்லி விற்றது. ஜன்னல் வேண்டுமென்றால் கூடுதல் காசு. டிவி பார்க்கவும் தனிக் காசு.

அந்த வித்தையில் கோலாலம்பூரும் சளைத்ததில்லை. ஏர்ஏசியா டோனி பெர்னாண்டஸின் டியூன் ஹோட்டல் 2007-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் தொடங்கியபோது, மலிவு விமானத்தில் சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனியாக வாங்குகிற மாதிரியே இங்கும் வாங்கினார்கள். வாடகைக்குக் கிடைத்தது நல்ல மெத்தையும் மின்விசிறியும்; ஏசிக்குத் தனிக் காசு, துண்டுக்குத் தனிக் காசு. 2010-இல் இந்தக் கோலாலம்பூர்ச் சரக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோட்டுக்கே கடை விரிக்கப் போயிற்று. துண்டுக்குக் காசு கேட்கிறார்கள் என்று அங்கே போய் அத்தான் சண்டை போட்டிருந்தால், சண்டையின் மூலம் இங்கேதான் இருந்திருக்கும். எங்கே தங்கினாலும் சரி, துண்டை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்.

இன்னொரு மயக்கம் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு. உச்சியில் நீச்சல்குளம், குளத்து ஓரத்தில் இரட்டைக் கோபுரம், தண்ணீரில் தாடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெண். படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாடகையும் ஹோட்டலைவிடக் குறைவாகவே இருக்கும். வந்து இறங்கினால் வரவேற்க ஆள் இருக்காது. சாவி ஏதோ ஒரு பூட்டுப்பெட்டிக்குள், அதன் எண் வாட்சப்பில், வாசல் காவலருக்கோ ஒன்றும் தெரியாது. சில குடியிருப்புகளில் இப்படி நாள் வாடகைக்கு விடுவதற்கே தடை. மோண்ட் கியாரா கொண்டோ வழக்கு ஒன்றில், அப்படித் தடை போட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அத்தானுக்கு நீச்சலும் தெரியாது. கொண்டோ வேண்டாம்.

ரயிலடியை ஒட்டித் தங்க வேண்டும் என்கிற ஆசைக்குத்தான் உன் தம்பி பெருமூச்சு விடுகிறான். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து, 1910-இல் முடிந்த பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம் கூம்புக் கோபுரங்களும் வளைவுகளுமாக இன்னும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதற்குள்ளேயே ஒரு ஹோட்டல் இருந்தது. 2011-இல் மூடிவிட்டார்கள். எதிரே 1932-இல் திறந்த மெஜஸ்டிக் ஹோட்டல் நடுவில் பல வருடம் தேசிய ஓவியக் கூடமாக இருந்துவிட்டு, 2012-இல் மறுபடி ஹோட்டல் ஆனது. வாடகையைக் கேட்டால் அத்தானுக்குப் பாரிஸே தேவலை என்று ஆகிவிடும். ஒரு சாயங்காலம் டீ குடித்துவிட்டு வரலாம். அதையும் உன் தம்பி செலவில் என்று அவர் வைத்துக்கொள்ளாமல் நீ பார்த்துக்கொள்.

மலிவாகத் தங்குவதில் நம்மவர்களைத் தோற்கடிக்க ஆளில்லை என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்து லெபோ அம்பாங், வட்டித் தொழில் செய்த நகரத்தார்களின் தெரு. அவர்களுடைய கிட்டங்கியில் ஒரு நீளக் கூடம். கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி. பகலில் அதன் முன் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அங்கேயே பாய். பின்கட்டில் ஊர்ச் சமையல்காரர். மூன்று வருடக் கணக்கு முடிந்து கப்பலேறும் வரைக்கும் கடை, வீடு, ஹோட்டல் மூன்றும் அந்தப் பெட்டியடிதான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மயில் பதித்த ஓடுகளோடு பழைய கட்டடம் ஒன்று அந்தத் தெருவில் இன்னும் இருக்கிறது. அத்தானைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். வாடகை பேரம் பேசுவதற்கு முன்னால் காட்டினால் விசேஷம்.

உனக்கு வெள்ளிக்கிழமை சைவம், காலையில் பலகாரம் இல்லாமல் முடியாது என்பதால் பிரிக்பீல்ட்ஸையும் உன் தம்பி ஒரு சுற்றுப் பார்த்துவைத்திருக்கிறான். 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். ஆளுக்கு 55 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்), வெள்ளிக்கு இருபது ரூபாய்க்கு மேல் என்று நீயே பெருக்கிக்கொள். பஸ்ஸில் வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகாது. லிப்ட் உள்ள சின்ன ஹோட்டல்கள் நிறைய. ஜாலான் பாடாங் பெலியாவில் ஒய்எம்சிஏ விடுதியும் இருக்கிறது. அலங்காரம் இல்லை, ஏமாற்றும் இல்லை. கீழே இறங்கினால் வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, ஜாலான் துன் சம்பந்தன் முழுக்க ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. ஒரே ஒரு ஆட்சேபம் உண்டு: இத்தனை தூரம் விமானம் ஏறி வந்து புதுக்கோட்டை கீழராஜ வீதியிலேயே இறங்கினாற்போல் இருக்கும்.

பில்லில் என்ன என்ன ஏறும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கவுண்டரில் நின்றுகொண்டு அத்தான் உன்னைப் பார்ப்பார், நீ உன் தம்பியைப் பார்ப்பாய். வெளிநாட்டவருக்கு 2017 செப்டம்பரிலிருந்து சுற்றுலா வரி, ராத்திரிக்கு 10 வெள்ளி. அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. வாடகை மேல் சேவை வரி 8 சதவீதம். சில இடத்தில் ஹோட்டலின் சொந்தச் சேவைக் கட்டணம் 10 சதவீதம். ஆம்ஸ்டர்டாமில் தங்கினால் நகர வரி மட்டுமே 12.5 சதவீதம் என்று சொல், சாந்தமாகிவிடுவார்.

அறைக்குள் நுழைந்ததும் இரண்டு விஷயம். உட்கூரையில் ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கும். அது தீ விபத்தில் ஓடுகிற வழியும் இல்லை, வாஸ்துவும் இல்லை. முஸ்லிம்கள் தொழுகைக்குத் திரும்ப வேண்டிய கிப்லா திசை. வாசலில் டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அத்தான் பலாப்பழம் என்று நினைத்துக்கொண்டு இங்கேயும் நம் பழத்துக்கு அவமரியாதையா என்று கேட்பார். டுரியானைத் தெருவிலேயே தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் மாடி ஏற வேண்டும்.

தைப்பூசத்தை ஒட்டி மட்டும் தேதி வைக்க வேண்டாம். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்துதான் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். சுற்றுவட்டாரத் தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள், அறையும் கிடைக்காது. சாமி பார்க்க வருவதானால் அது வேறு சங்கதி. அதற்குச் செராஸில் பாய் இருக்கிறது.

ஜாலான் சுல்தானில் ஒரு கடைவீட்டு ஹோட்டலை உன் தம்பி பார்த்துப் பேசிவைத்திருக்கிறான். இரண்டாம் மாடி, தெரு பார்த்த அறை, மரக்கதவு ஜன்னல், கீழே காயா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் கொடுக்கிற கோப்பிக்கடை, பசார் செனி ஸ்டேஷனுக்கு நடை. வாடகை 200 வெள்ளிக்குள். லிப்ட் கிடையாது, படி மரப்படி, செங்குத்து, பெட்டியைத் தலையில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று உண்மையைக் கேட்டு எழுது. அவரிடம் கேட்காதே, மருந்துக்கடைக்காரரிடம் கேள். ஏறுவார் என்றால் முன்பணம் கட்டிவிடலாம். முடியாதென்றால் பிரிக்பீல்ட்ஸ் லிப்ட். சனிக்கிழமை வரைக்கும்தான் அந்த அறையை வைத்திருப்பார்களாம்.

அன்புடன்,
உன் தம்பி