ஐந்து பெட்டியும் ஆடி மாதமும்

வீட்டில் பல சானல் இசை கேட்பவர்களின் சட்டம் கறாரானது: முன்னே மூன்று ஒலிபெருக்கிப் பெட்டி, பின்னே இரண்டு, ஐந்தும் ஒரே மாடல், ஆள் உயரம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி பின்பெட்டிகள் 100 முதல் 120 பாகைக்குள் நிற்க வேண்டும். ஒரே மாடல் என்பது நியாயம்தான். டிவிக்குக் கீழே படுக்கப் போட்ட குட்டிப் பெட்டியில் பாடகருக்குச் சளி பிடித்துவிடும். பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்தால் ஆளே மாறிவிடுவார்.

ஆனால் தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் 110 பாகையில் என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் பூஜை அறைக் கதவு, அந்தப் பக்கம் நெல் மூட்டை. மீறி நிறுத்தினால், மறுநாளே பெட்டியின் தலையில் வற்றல் தட்டு ஏறும். ஐந்தும் சரியாகக் கேட்கும் நாற்காலி ஒன்றே ஒன்று, அதில் மாமனார். கேட்பதற்கோ, பழைய வித்வான்கள் பெரும்பாலும் மோனோவில்தான் இருக்கிறார்கள். ஒரு பெட்டி பாட, நான்கு பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும்.

டெல்டாவில் இந்தச் சட்டத்தை மதிப்பவர் மைக்செட்காரர் மட்டுமே. ஆடியில் தென்னையிலும் வேம்பிலும் அவர் கட்டும் குழாய்கள் அத்தனையும் ஒரே அச்சு. கிழக்கே எல்.ஆர்.ஈஸ்வரி, மேற்கே சீர்காழி கோவிந்தராஜன், வாய்க்காலுக்கு அப்பால் காதுகுத்துக்குச் சினிமாப் பாட்டு. நடு வரப்பில் நின்றால் மூன்று சானலும் துல்லியம்.

மனிதக் குரலே சுற்றி நின்று கேட்க வேண்டுமென்றால் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இருக்கிறது. வித்வான்கள் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, டிக்கெட் பஸ்ஸுக்கு மட்டும்தான்.