காலண்டரில் யாருக்கு எவ்வளவு? கேள்வி-பதில்

ஆபீஸில் எல்லோரும் கூகுள் காலண்டரை ஷேர் பண்ணச் சொல்கிறார்கள். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் முதல் வீட்டுக்கடன் தவணை வரை எனக்கு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அத்தனையும் தெரிந்துவிடுமா?
– வாசகர், சென்னை

நீங்கள் எவ்வளவு திறந்துவிடுகிறீர்களோ, அவ்வளவுதான் தெரியும். ஒருவரைச் சேர்க்கும்போது நான்கு வகை அனுமதி வரும். நீங்கள் பிஸியா, ஃப்ரீயா என்று மட்டும் பார்க்கலாம். விவரங்களையும் பார்க்கலாம். பார்ப்பதோடு மாற்றவும் செய்யலாம். மாற்றுவதோடு இன்னும் யாரைச் சேர்ப்பது என்பதையும் முடிவு செய்யலாம். சக ஊழியர்களுக்கு முதல் வகை தாராளமாகப் போதும். மூன்று முதல் நான்கு மணி வரை நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. எந்தப் பல் வலிக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிந்தால் போதும்.

அதைவிட நல்ல வழி, வீட்டு விஷயங்களைச் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது. ஆபீஸ் கணக்கு ஆபீஸுக்குச் சொந்தம். வேலையை விட்ட அன்றே அதை மூடிவிடலாம். தவணைத் தேதிகளும் அதோடு போய்விடும்.

ஒரு நிகழ்ச்சியை 'பிரைவேட்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாதுதானே?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் காலண்டரை மாற்றும் அனுமதி வைத்திருப்பவருக்குத் தெரியும். விவரம் மட்டும் பார்க்கிறவர்களிடமிருந்துதான் 'பிரைவேட்' மறைக்கும். மீட்டிங் போடுவதற்காக உதவியாளர் ஒருவருக்கு மாற்றும் உரிமை கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கேஸ் புக் பண்ணுவது, பையனுக்கு ஃபீஸ், மாமியாருக்கு சுகர் டெஸ்ட், நாத்தனார் கல்யாண நாள் எல்லாம் என் தலையில்தான் நிற்கிறது. 'ஷேர்டு காலண்டர் போடு, சுமை குறையும்' என்றார்கள். போட்டேன். இப்போது அதில் டைப் பண்ணுகிற வேலையும் என்னுடையதாகிவிட்டது.
– வாசகி, திருநெல்வேலி

இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது இதுதான். வீட்டு வேலையைப் பங்கு போடுகிறவர்கள்கூட ஞாபகம் வைத்துக்கொள்வதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. பாத்திரம் கழுவினால் கண்ணுக்குத் தெரிகிறது. பத்தாம் தேதி ஃபீஸுக்குக் கடைசி நாள் என்று உங்களுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. நீங்கள் எழுதி மற்றவர்கள் பார்த்தால் அது உங்கள் காலண்டர்தான். நான்கு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலில், கணவருக்கும், காலேஜ் போகிற மகள் இருந்தால் அவளுக்கும் மாற்றும் அனுமதி கொடுத்துவிட்டு, 'சேதியை யார் முதலில் கேட்கிறார்களோ அவரே எழுத வேண்டும்' என்று முடிவு செய்யுங்கள். பையனின் ஸ்கூல் டைரியை அப்பா பார்த்தால், அங்கேயே போனை எடுத்து அவரே போட வேண்டும். 'உன்கிட்ட சொல்லிட்டேனே' என்பது கணக்கில் சேராது.

அடுத்து, தலைப்பிலேயே ஆள் பெயர் இருக்கட்டும். 'ஃபீஸ்' என்று மட்டும் போட்டால் வீட்டில் அதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அது உங்கள் வேலை என்றே நினைப்பார்கள். 'ஃபீஸ் கட்டணும் – அப்பா', 'பாட்டி சுகர் டெஸ்ட், வெறும் வயிறு, கூடப்போவது அக்கா' என்று எழுதுங்கள். லேபின் பெயர், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், போன முறை வந்த ரிப்போர்ட் எந்த ஃபைலில் இருக்கிறது என்பதெல்லாம் கீழே விவரத்தில் வரட்டும். அந்த விவரம் உங்கள் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்றிருக்கும்வரை, வேலையை யார் செய்தாலும் பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும்.

மூன்றாவது பலருக்கும் தெரியாத இடம். பொதுக் காலண்டரில் நீங்கள் வைக்கிற நினைவூட்டல் உங்கள் போனில் மட்டும்தான் அடிக்கும். கணவர் போனில் அடிக்க வேண்டுமென்றால், அந்தக் காலண்டருக்கான நோட்டிஃபிகேஷனை அவர் தன் கணக்கில் தானே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் இரவு ஒன்று, அன்று காலை ஒன்று. இதைச் செய்யாததால்தான் 'காலண்டரில் போட்டிருந்தேனே' என்றும் 'எனக்கு வரவே இல்லையே' என்றும் பல வீடுகளில் சண்டை நடக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் போனையும் வாங்கி உட்காருங்கள். உங்கள் கையால் வைத்துவிடாதீர்கள். அவரவரையே வைக்கச் சொல்லுங்கள்.

கூகுளில் 'ஃபேமிலி' காலண்டர் என்று தானாகவே ஒன்று வருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

ஒரே ஊரில் இருக்கும் சின்னக் குடும்பம் என்றால் வைத்துக்கொள்ளலாம். குடும்பக் குழுவை ஆரம்பித்தவரையும் சேர்த்து 6 பேர் வரை இருக்கலாம். அந்த 6 பேரும் எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். மகன் சிங்கப்பூரிலோ பெண் டொரன்டோவிலோ இருந்தால், 'நம்ம வீடு' என்று புதிதாக ஒரு காலண்டர் திறந்து அவர்களைத் தனித்தனியாகச் சேருங்கள். அதற்கு நாடும் கணக்கில்லை, 6 பேர் என்ற வரம்பும் இல்லை.

லண்டனில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிறும் மாலை 6.30 மணிக்கு வீடியோ காலில் வருவாள். காலண்டரிலும் போட்டிருக்கிறாள். அக்டோபர் கடைசியில் அது தானாகவே 7.30 ஆகிவிட்டது. யார் கை வைத்தது?
– வாசகர், தூத்துக்குடி

யாரும் கை வைக்கவில்லை ஐயா. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி, மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் கொண்டுவருவார்கள். நமக்கு வருஷம் முழுவதும் ஒரே நேரம். அவள் அந்த வீடியோ காலை லண்டன் நேரப்படி மதியம் 2 மணி என்று போட்டிருக்கிறாள். கோடையில் அது நமக்கு 6.30, குளிர்காலத்தில் 7.30. நீங்கள் சீக்கிரம் படுக்கிறவர் என்றால் அதே நிகழ்ச்சியை இந்திய நேரத்துக்கு நீங்கள் போடுங்கள். உங்களுக்கு எப்போதும் 6.30 ஆகவே இருக்கும். அவளுக்குக் குளிர்காலத்தில் மதியம் 1 மணி ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை யார் விட்டுக்கொடுப்பது என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் திவசத்தை வருஷா வருஷம் வரும்படி போட்டு அண்ணன், தம்பி எல்லோருக்கும் ஷேர் பண்ணினேன். அடுத்த வருஷம் தேதி தப்பாகிவிட்டது.
– வாசகர், கும்பகோணம்

திதி ஆங்கிலத் தேதியோடு சேர்ந்து நடக்காது. சந்திரனைப் பார்த்து வருவதால் வருஷத்துக்கு வருஷம் தள்ளிப்போகும். நட்சத்திரப் பிறந்தநாளும் அப்படித்தான். 'ஆண்டுதோறும்' என்ற வசதி ஆங்கிலத் தேதியில் கொண்டாடும் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும்தான் சரிப்படும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் குடும்பத்தில் ஒருவர் அந்த வருஷத்துத் திதிகளையும் நட்சத்திரங்களையும் ஒரே மூச்சில் போட்டுவிடட்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே. எவ்வளவு முன்னால் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ராகுகாலத்தையும் காலண்டரில் போட முடியுமா? அம்மா கேட்கச் சொன்னார்.
– வாசகி, மயிலாடுதுறை

அழகாகப் போடலாம். கிழமைக்குக் கிழமை மாறினாலும் வாரா வாரம் ஒன்றுதான்: திங்கள் 7.30 முதல் 9, செவ்வாய் மாலை 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6 என்று பஞ்சாங்கத்தில் உள்ளபடி 7 நிகழ்ச்சிகள் போட்டு 'வாரந்தோறும்' என்று கொடுத்துவிடுங்கள். இதற்கு அம்மாவின் கணக்கில் ஒரு தனிக் காலண்டர் வைத்து வீட்டாருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 'பிஸி' என்றிருப்பதை 'ஃப்ரீ' என்று மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரமும் அம்மா தினம் வேலையாக இருக்கிறார் என்று பார்ப்பவர்களுக்குக் காட்டும்.

என் காலண்டரை முழுசாகத் திறந்து காட்டச் சொல்கிறார் கணவர். 'மறைக்க ஒன்றுமில்லை என்றால் என்ன பயம்?' என்கிறார்.
– பெயர், ஊர் வேண்டாம்

உங்களுக்குப் பயம் இருக்கத் தேவையில்லை. உங்களுக்கென்று ஒரு தனி இடம் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான விஷயங்களுக்குப் பொதுவாக ஒரு காலண்டர், அதில் இருவருக்கும் சம உரிமை. உங்கள் சொந்தக் காலண்டரில் அவருக்கு பிஸியா ஃப்ரீயா என்பது தெரிந்தால் போதும். ஒரு டாக்டரைப் பார்ப்பதோ பழைய சிநேகிதியோடு காபி குடிப்பதோ உங்கள் விஷயம். சேர்ந்து திட்டமிட வந்த கருவியை வைத்து ஒருவர் இன்னொருவரைக் காவல் காக்கத் தொடங்கினால், அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். செட்டிங்ஸில் அதற்கு மருந்தில்லை.

ஆனாலும் செட்டிங்ஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினியில் காலண்டரைத் திறந்து, இடது பக்கம் அதன் பெயருக்கு அருகில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்' போனால், யார் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். உங்களுக்குத் தெரியாமல் ஒரு பெயர் இருந்தால் நீக்குங்கள். அதே பக்கத்தில் கீழே 'சீக்ரெட் அட்ரஸ்' என்று ஒன்று இருக்கும். அது யார் கைக்குப் போனாலும், பட்டியலில் பெயர் இல்லாமலே உங்கள் காலண்டர் முழுவதையும் அவர் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 'ரீசெட்' அழுத்துங்கள். பழைய முகவரி செத்துவிடும்.

தங்கை கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று காலண்டரை 'பப்ளிக்' ஆக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

வேண்டவே வேண்டாம். பப்ளிக் என்றால் உலகத்துக்கே. கூகுள் தேடலிலும் வரக்கூடும். நகை எடுக்கப் போகிற நாள், வீடு பூட்டியிருக்கும் நேரம், சமையல்காரருக்குப் பணம் கொடுக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கும். பொறுப்பெடுத்துச் செய்கிற ஏழெட்டுப் பேரை மட்டும் மின்னஞ்சல் முகவரி போட்டுச் சேருங்கள். பந்தல்காரரின் நம்பரும் பூக்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸும் அந்தந்த நிகழ்ச்சியின் கீழே இருந்தால், அன்று நீங்கள் மணமேடையருகில் நின்றாலும் வேலை நிற்காது. மற்றவர்களுக்குப் பத்திரிகை வைத்தால் போதும். நேரில் போய் வைப்பதுதான் மரியாதையும்கூட.

நான் ஐபோன், தம்பி ஆண்ட்ராய்டு. ஒத்துவருமா?
– வாசகி, திருச்சி

வரும். ஐபோனில் கூகுள் காலண்டர் ஆப்பைப் போட்டுக்கொண்டு இருவரும் கூகுளிலேயே எழுதுவது எளிது. ஆப்பிள் காலண்டரை விடமாட்டேன் என்றால் தம்பிக்குப் பொது லிங்க் அனுப்பலாம். ஆனால் அவர் பார்க்கத்தான் முடியும், எழுத முடியாது. அந்த லிங்க் வேறு யாரிடம் போனாலும் அவர்களும் பார்ப்பார்கள். ஒரு கம்பெனியின் காலண்டரை இன்னொரு கம்பெனியின் காலண்டர் படிக்க முடிவதற்குக் காரணம் 1998-இல் வந்த ஐகேலண்டர் என்ற பொது வடிவம். பெயர் 'ஐசிஎஸ்' என்று முடியும் கோப்புகள் அந்த வகைதான். லிங்க் வழியாக வருவது உடனுக்குடன் மாறாது, பல மணி நேரம் பிந்தலாம். மாலை மீட்டிங்கை மதியம் மாற்றினால் போனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

'உங்களுக்குப் போன் பரிசு' என்று தெரியாத ஆட்களின் நிகழ்ச்சி என் காலண்டரில் வருகிறது!
– வாசகர், வேலூர்

அதிலுள்ள லிங்கைத் தொடாதீர்கள். வரமாட்டேன் என்றும் பதில் அனுப்பாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் என்று புகார் செய்துவிட்டு, செட்டிங்ஸில் அழைப்புகளைத் 'தெரிந்தவர் அனுப்பினால் மட்டும்' சேர்க்கும்படி மாற்றுங்கள்.

பழைய ஆபீஸ் நண்பர்களோடு டூர் போக ஒரு காலண்டர் போட்டேன். டூர் முடிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் போய்விடுமா?
– வாசகர், மதுரை

அதன் உரிமையாளர் நீங்கள்தானே? நீங்கள் 'டெலீட்' கொடுத்தால் எல்லோருக்கும் போய்விடும், திரும்ப வராது. 'அன்சப்ஸ்கிரைப்' என்றால் உங்கள் பார்வையிலிருந்து மட்டும் போகும். அடுத்த டூருக்கு இதையே வைத்துக்கொள்ள யாராவது விரும்பினால், அவருக்கு முதல் பதிலில் சொன்ன நான்காவது வகை அனுமதியைக் கொடுத்து, அவர் கணக்கில் அது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். தனியாக ஒரு நிகழ்ச்சியை மட்டும் தவறி அழித்தால் கவலை வேண்டாம். குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாள் இருக்கும், கணினியில் போய் மீட்டுவிடலாம்.