மாட்டுக் கணக்கில் எழுது

இந்திய ரயில்வேயில் எந்தத் துறையாலும் ரயில் தாமதமாவதில்லை. பக்கத்துத் துறையால் மட்டுமே தாமதமாகிறது. சந்தேகமிருந்தால் ஏதாவதொரு கோட்ட அலுவலகத்தில் காலையில் நடக்கும் பங்க்சுவாலிட்டி கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாள் ஒரு எக்ஸ்பிரஸ் நாற்பது நிமிடத்தைத் தொலைத்துவிட்டது. அந்த நாற்பதையும் கூறு போட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தலையைத் தேடியாக வேண்டும்.

சிக்னல் சிவப்பிலேயே நின்றது, ஆகவே சிக்னல் துறை. 'சிக்னல் சரியாகத்தான் வேலை செய்தது, தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கினால் சிவப்புதான் காட்டும்' என்று அவர்கள் இன்ஜினியரிங் பக்கம் தள்ளுவார்கள். 'பராமரிப்புக்கு மூன்று மணி நேரம் ரயில் விடாமல் பிளாக் கேட்டோம், ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள்' என்று இன்ஜினியரிங் ஆபரேட்டிங்கைக் கைகாட்டும். 'பக்கத்துக் கோட்டமே வண்டியை அரை மணி லேட்டாகத்தான் ஒப்படைத்தது, நாங்கள் என்ன செய்ய?' என்று ஆபரேட்டிங் எல்லைக்கு அப்பால் எறிந்துவிடும். அங்கேயும் இதே நேரத்தில் இதே கூட்டம்தான் நடந்துகொண்டிருக்கும்.

இவர்கள் அத்தனை பேருக்கும் பிடித்த குற்றவாளி மாடு. அது கூட்டத்துக்கு வராது, மறுப்புக் கடிதம் எழுதாது, அதற்கு யூனியனும் கிடையாது. தண்டவாளத்தில் மாடு ஏறுகிற அளவுக்கு வேலியில்லாமல் போட்டது யார் என்று கேட்டால்தான் சங்கடம். அதனால் யாரும் கேட்பதில்லை. மாட்டுக்கு அடுத்தபடியாகப் பிடித்தவர் பயணி. அபாயச் சங்கிலியை இழுத்தார், ஓடிவந்து ஏறினார், மறியல் செய்தார் என்று அவர் பெயரில் எழுதத் தாராளமாகக் காரணங்கள் உண்டு.

பிரிட்டனிலும் இந்தக் கூத்து உண்டு. ரயிலில் அடிபட்டது ஃபெசன்ட் அளவுள்ள சின்னப் பறவையென்றால் ரயில் ஓட்டும் கம்பெனி பொறுப்பு. அன்னம் போலப் பெரிதென்றால் தண்டவாளத்தை வைத்திருக்கும் நெட்வொர்க் ரெயில் பொறுப்பு. சிரியுங்கள், சிரிக்கத்தக்கதுதான். ஆனால் அங்கே அந்தச் சண்டை முடியும்போது ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கட்டுகிறார். பல கம்பெனிகளில் கால் மணி நேரத் தாமதத்துக்கே பயணியும் நஷ்டஈடு வாங்கலாம். நம் மாடு செத்ததற்கு அந்தப் பலன்கூட இல்லை.

இத்தனை குற்றவாளிகளைக் கண்டுபிடித்தும் 2018-19இல் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் காலந்தவறாமை 69.23 சதவீதம்தான் என்கிறது தணிக்கை அதிகாரியின் அறிக்கை. 2012-13இல் அது 79 ஆக இருந்தது. அந்த 69-கூட எப்படி வருகிறது என்பதில்தான் கைவண்ணம். ரயில் போய்ச் சேரும் கடைசி நிலையத்தில் மட்டுமே நேரம் பார்ப்பார்கள். அங்கும் பதினைந்து நிமிடம் சலுகை. காட்பாடியில் நீங்கள் ஒன்றரை மணி லேட்டாக இறங்கி, வந்த காரியம் கெட்டு நின்றாலும் சரி, வண்டி சென்னை சென்ட்ரலுக்கு ஒழுங்காகப் போய்விட்டால் தாமதம் நடக்கவே இல்லை. ஒழுங்காகப் போகவும் வழி செய்திருக்கிறார்கள். சென்ட்ரலிலிருந்து பெரம்பூருக்குப் போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். அதே பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு வர, அட்டவணை பல ரயில்களுக்கு அரை மணிக்கு மேல் ஒதுக்கிவைத்திருக்கிறது. வழியெல்லாம் தொலைத்த நேரத்தைக் கடைசி ஆறு கிலோமீட்டரில் புதைக்கிறார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் பேசின் பிரிட்ஜில் நிற்கவைத்து, சாக்கடைக் காற்றை இலவசமாகத் தருகிறார்கள்.

'சூப்பர்ஃபாஸ்ட்' இன்னொரு மோசடி. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தால் அந்தப் பட்டம். ஸ்லீப்பருக்கு 30 ரூபாய் கூடுதல் கட்டணம். தணிக்கை பார்த்த 478 சூப்பர்ஃபாஸ்ட் ரயில்களில் 123 ரயில்களுக்கு அட்டவணையிலேயே 55 இல்லை. ஓடும்போது ஏற்பட்ட தாமதமல்ல இது, அச்சடிக்கும்போதே ஏற்பட்டது. இதை எந்த மாட்டின் மேல் எழுதினார்கள்?

2020 ஜூலை 1 அன்று ரயில்வே வரலாற்றிலேயே முதல் முறையாக 100 சதவீதக் காலந்தவறாமை என்று மார்தட்டினார்கள். அன்று ஓடியவை 201 ரயில்கள். சாதாரண நாளில் பதின்மூவாயிரம் பயணிகள் ரயில்கள் ஓடும் நாடு இது. ஊரடங்கில் தண்டவாளமே காலியாகக் கிடந்தபோது நேரத்துக்கு வந்ததைச் சாதனை என்று அறிவிக்க ஒரு துணிச்சல் வேண்டும். ஏனென்றால் அதற்கு முந்தைய மே மாதத்தில்தான் புலம்பெயர் தொழிலாளர்களை ஏற்றிய ஷ்ரமிக் ரயில்கள் திசைகெட்டு அலைந்தன. மும்பை அருகே வசாய் ரோட்டிலிருந்து கோரக்பூருக்குக் கிளம்பிய வண்டி ஒடிசாவின் ரூர்கேலாவில் போய் நின்றது. வழி தவறவில்லை, நெரிசலால் பாதையை மாற்றினோம் என்றார்கள். அந்த ரயில்களில் 97 பேர் இறந்ததாகச் செப்டம்பரில் மாநிலங்களவையில் சொன்னார்கள். கிடைத்த பிரேதப் பரிசோதனை அறிக்கைகளில் மாரடைப்பு, மூளையில் ரத்தக்கசிவு, நாள்பட்ட நோய் என்றெல்லாம் காரணங்கள் இருந்தனவாம். மே மாத வெயிலில் சோறும் தண்ணீரும் கிடைக்காமல் மணிக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்ததற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஏழை தன் இதயத்தால் செத்தான். ரயில்வேக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. இதை எழுதிய கை அன்றிரவு சோறு பிசைந்து சாப்பிட்டிருக்கும்.

பணம் திரும்பக் கிடைக்காதா என்பீர்கள். நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் அதில் ஏறாமலும் இருந்து, அது கிளம்புவதற்குள் டிடிஆர் என்ற, பணம் திரும்பக் கேட்கும் மனுவையும் பதிவு செய்தால் முழுக் கட்டணம் உண்டு. ஏறி உட்கார்ந்த பிறகு பத்து மணி நேரம் நடுக்காட்டில் நின்றால் அது உங்கள் ஜாதகம்.

அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸில் குடும்பத்துடன் போன ஒரு பயணி அப்படி ஜாதகத்தை நொந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. 2016 ஜூனில் ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதில் ஸ்ரீநகர் விமானம் போய்விட, டாக்சியில் போனார். நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். டாக்சிக்கு 15,000, முன்பதிவு வீணானதற்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். இந்தத் தொகையைக் கொடுக்காமலிருக்க ரயில்வே மாவட்டம், மாநிலம், தேசிய ஆணையம் என்று ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது. ரயில் தாமதமானால் நாங்கள் பொறுப்பில்லை என்று எங்கள் விதி 114-லும் 115-லும் எழுதிவைத்திருக்கிறோம் என்பது வாதம். 2021 செப்டம்பரில் நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் அனிருத்தா போஸும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தாமதம் தன் கைமீறிய காரணத்தால் வந்தது என்று நிரூபிக்கவாவது வேண்டாமா என்று கேட்டார்கள். நிமிடம் நிமிடமாகக் கூறு போட்டு, துறைவாரியாகத் தலை தேடும் ரயில்வே, அந்த நான்கு மணி நேரத்துக்கு எந்த மன்றத்திலும் ஒரு காரணத்தைக்கூடச் சாட்சியத்தோடு வைத்திருக்கவில்லை. ஒரு மாடுகூட அகப்படவில்லை.