நாலு லட்சம் டாலர் பாரம்

2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் குழுமத்துக்கு டிமோதி வுல்ஃப் தலைவராக வந்தார். மென்பொருள் கம்பெனி நிர்வாகத்தில் ஊறிய மனிதர். மூன்றே மாதத்தில் நிறுவனத்தை அரிக்கும் கரையானைக் கண்டுபிடித்துவிட்டார்: 1958இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பதிப்பகம். ஆண்டு மானியம் 4 லட்சம் டாலர். மூடு!

குழுமத்தின் வரவுசெலவோ ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல். நூறு ரூபாயில் இரண்டு பைசா. அதை மிச்சம் பிடித்த சாமர்த்தியத்துக்குச் சிலையே வைக்கலாம்.

அந்த இரண்டு பைசாவில் என்ன நடந்தது? மிசௌரியில் பிறந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் மொத்த எழுத்தும் தொகுதி தொகுதியாக வந்தது. ஓசார்க் மலைநாட்டில் ஓடும் கரன்ட் ஆற்றங்கரை வாழ்க்கையைச் சொல்லும் லெனர்ட் ஹாலின் நூல் பட்டியலில் இருந்தது. புதிதாகப் படிக்கப் பழகும் பெரியவர்களுக்கென்றே, எளிய நடையில், உள்ளூர் வரலாற்றுச் சிறுநூல்கள் வந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு தொழிலாளிக்கு அவன் ஊர்க் கதையை அச்சடித்துக் கொடுக்க நியூயார்க்கிலிருந்து எந்த முதலாளி வருவான்? இதில் லாபம் வராது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தலைவர் வேறு வேண்டுமா?

எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றுத் திட்டம் வந்தது. அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு, மாணவர்களைக் கொண்டு புதுப்பாணிப் பதிப்பகம்! அருமையான யோசனை. பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வேலைக்கும் இதே யோசனையைச் சொல்லியிருக்கலாமே? அவருடைய ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலருக்கு மேல். அங்கே மட்டும் மாணவன் போதாதாம். கைதேர்ந்த ஆள் வேண்டுமாம். பிழை திருத்த எவன் வந்தாலும் சரி, பந்துக்குத்தான் படிப்பு வேண்டும்!

எழுத்தாளர்கள் தங்கள் நூல்களின் உரிமையைத் திருப்பிக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் தலைவர் இறங்கிவந்தார். வெளியே அனுப்பிய தலைமைப் பதிப்பாசிரியரையே மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அதே வுல்ஃபின் நாற்காலி 2015 நவம்பரில் ஆடியது. வளாகத்தில் நிறவெறியைத் தலைவர் கண்டுகொள்ளவில்லை என்று கறுப்பின மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். ஒருவர் உண்ணாவிரதமே இருந்தார். தலைவர் அசையவில்லை. கால்பந்து வீரர்கள், 'அவர் போகும்வரை ஆடமாட்டோம்' என்றார்கள். ஓர் ஆட்டம் நின்றால் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் நஷ்டம்; பதிப்பகத்துக்கு அது இரண்டரை வருட மானியம். வீரர்கள் சொன்னது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை தலைவர் ராஜினாமா. ஆட்டம் குறித்த நாளில் நடந்தது.