நாலு மொழியில் ஒரு வாய்

ஆங்கிலத்தில் 'ஈட்' என்பது மூன்றே எழுத்து. வெள்ளைக்காரர் அதை வைத்துக்கொண்டே மூன்று வேளையையும் ஒப்பேற்றிவிடுவார். ராஜா செய்வதும் 'ஈட்', துறைமுகத் தொழிலாளி செய்வதும் 'ஈட்', அடுப்படிப் பூனை செய்வதும் 'ஈட்'. கொறிக்க ஒன்று, மெல்ல ஒன்று, அவசரமாக விழுங்க ஒன்று என்று அங்கேயும் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் வாய் எப்படி அசைகிறது என்பதோடு நின்றுவிடும். சாப்பிடுகிறவர் மேல் சொல்கிறவருக்கு என்ன கடுப்பு என்பதையும் வினைச்சொல்லிலேயே ஏற்றிவிடும் சாமர்த்தியத்தில் தமிழை மிஞ்ச ஆளில்லை.

ஒரே இட்லிதான். விருந்தாளி என்றால் 'சாப்பிடுவார்'. மேடைப் பேச்சாளர் என்றால் 'உண்பார்'. பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்த பையன் அதையே 'தின்பான்'. நடுராத்திரி வீடு திரும்பும் அவன் அப்பா 'கொட்டிக்கொள்வார்'. மாப்பிள்ளை அளவு மீறினால் "ஒரு பிடி பிடித்தார்" என்று ஊரெல்லாம் பெருமை. மச்சினன் மீறினால் 'மொக்கினான்'. இட்லிக் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்! இதில் 'தின்'னுக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு சட்டம். சென்னையில் ஒரு பெரியவரிடம் "தின்னாச்சா?" என்று கேட்டால் சட்டையைப் பிடிப்பார். நெல்லை, குமரிப் பக்கம் அதே சொல்லில் பாசம் சொட்டும்.

இதற்கெல்லாம் இலக்கணம் போட்டு வைத்தவர் தொல்காப்பியர். பல வினைகளுக்குப் பொதுவான ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்கக்கூடாது என்று கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சாப்பாடுதான் என்பதில் ஆச்சரியமில்லை. அடிசில் என்றால் உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது நான்கும் அதற்குள் அடக்கம். ஆகவே 'அடிசில் உண்டார்' என்றால் நக்கியதும் பருகியதும் கணக்கில் வராமல் போய்விடும். 'அயின்றார்', 'மிசைந்தார்' என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். சாம்பார், அப்பளம், பாயசம், ஊறுகாய் நாலும் ஒரே இலையில் வரும் சமூகத்துக்கு இது நியாயமான கவலை. இன்று யாரும் மிசைவதில்லை. எல்லாச் சுமையையும் 'சாப்பிடு' ஒன்றே தூக்குகிறது. காப்பியையும் மாத்திரையையும்கூட 'சாப்பிடுகிறோம்'. வெறுமனே "குடிக்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது வேறு சமாச்சாரம் ஆகிவிடுகிறதே!

இந்தப் பரம்பரையோடு கப்பலேறிய தமிழர் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இறங்கினார். 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி நாட்டிய ஊர். லெபோ பசாரில் தமிழ், பக்கத்துத் தெருவில் ஹொக்கியன் சீனம், எங்கும் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம். நாலு மொழியும் எதிர்ப்பட்டதும் கேட்கும் கேள்வி ஒன்றே. ஹொக்கியன்காரர் "சியா பா போய்?" என்பார். மலாய்க்காரர் "சுடா மாக்கான்?" என்பார். உள்ளூர்த் தமிழர் "பசியாறியாச்சா?" என்பார். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏட்டோடு நிற்கும் 'பசியாறு' மலேசியாவில் காலை நேரத்து அன்றாடச் சொல். தோசையோ ரொட்டி சானாயோ, காலையில் வயிற்றுக்குள் போனால் அது பசியாறல். வாயை விட்டுவிட்டு வயிற்றைக் கேட்கும் சொல் என்பதால் இதற்கே முதல் பரிசு கொடுக்கலாம்.

மலாய் 'மாக்கான்' சோற்றோடு திருப்தி அடைகிற வினை அல்ல. சம்பள உத்தியோகம் பார்ப்பவர் 'மாக்கான் காஜி', அதாவது சம்பளம் தின்கிறவர். லஞ்சம் வாங்குகிறவர் 'மாக்கான் சுவாப்'. சுவாப் என்றால் கையால் ஊட்டும் கவளம். ஊட்டுகிறவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும் சொல் இது. உள்ளுக்குள் புழுங்குகிறவர் 'மாக்கான் ஹாத்தி', ஈரல் தின்கிறார். மலாய்க்காரர் மனசை ஈரலில் வைத்திருக்கிறார். அனுபவசாலி முன்னாலேயே உப்புத் தின்றவர். நம்மூரில் உப்புத் தின்றவர் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். மலாயில் தின்றதோடு கடமை முடிந்தது.

ஊர் சுற்றக் கிளம்பினால் 'மாக்கான் ஆஙின்'. காற்றுத் தின்பது. ஹொக்கியனிலும் அதே 'சியா ஹோங்'தான். கர்னி டிரைவ் கடற்கரையில் மாலையில் மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் காற்றைத் தின்றுகொண்டிருக்க, தமிழ்க் குடும்பம் மட்டும் காற்றை 'வாங்கிக்கொண்டிருக்கும்'. காசு கொடுக்காமல் வாங்கக் கிடைப்பது அது ஒன்றுதான், விடுவானா தமிழன்?

சிகரெட்டுக்கு வந்தால் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. ஹொக்கியன்காரர் புகையைத் தின்கிறார், 'சியா ஹுன்'. தமிழர் பீடியைக் குடிக்கிறார். மலாய்க்காரர் உறிஞ்சுகிறார், 'ஹிசாப்'. 2019 ஜனவரி 1 முதல் மலேசியச் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை. மூன்று வினைச்சொல்லும் இப்போது கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று இருமுகின்றன.

மொழிகளின் உண்மையான கைகலப்பைப் பார்க்க வேண்டுமானால் நாசி கண்டார் கடைக்குத்தான் போக வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலக் கழியைச் சுமந்து, இரு முனையிலும் சோறும் ஆணம் எனும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற பண்டம். 'நாசி' என்பது சோறு, 'கண்டார்' என்பது அந்தக் கழி. தமிழ்க் கண்ணுக்கு அது 'சோறு கண்டார்' என்று தெரிந்தால் தமிழ்க் கண்ணைக் குறை சொல்ல முடியாது. தட்டில் சோற்றைக் குவிக்கிறார் கடைக்காரர். கோழி, கணவாய், வெண்டைக்காய், மீன்சினை என்று விரல் காட்டியதெல்லாம் ஏறுகிறது. "பஞ்ஜிர்" என்று சொன்னால் போதும். மலாயில் வெள்ளம். மீன் ஆணம் ஒரு கரண்டி, கோழி ஆணம் ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, மறுபடி முதல் பானை. சோறு தீவாகிறது. இனி 'ஈட்' என்ற சொல்லால் ஒன்றும் ஆகாது. பிசைய வேண்டும், குழைக்க வேண்டும், அள்ள வேண்டும், கடைசியில் விரலால் வழிக்க வேண்டும். கரண்டியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்த சுற்றுலாப் பயணி கரையிலேயே நிற்பார்.

கட்டி எடுத்துப் போக மலாயில் 'புங்குஸ்'. சீனத்தில் 'தாப்பாவ்', அதைத் தமிழர்களும் தத்தெடுத்துக்கொண்டார்கள். "ரெண்டு தாப்பாவ்ணே" என்று ஒருவர் கேட்டால், ஊரிலிருந்து நேற்று வந்தவர் என்ன தப்பு நடந்தது என்று திரும்பிப் பார்ப்பார். மலேசிய ஆங்கிலமோ 'ஈட்'டையே ஓரங்கட்டிவிட்டது. "மட்டன் எடுப்பீங்களா?", "லஞ்ச் எடுத்தாச்சா?" என்ற கணக்கில் அங்கே எல்லாம் 'டேக்'. கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்த்து நொடியில் விலை சொல்லிவிடுகிறார். எடுத்தாரா, தின்றாரா, மிசைந்தாரா என்று அவர் கேட்பதில்லை.

அந்த நேரத்துக்கென்று ஒரு சொல் இருக்கிறது: 'பெலாஞ்சா'. மலாயில் செலவு, மலேசியத் தமிழில், யாராவது ஒருவர் எல்லோருக்கும் காசு கட்டுவது. கொண்டாட்டம், உரிமை, மிரட்டல் மூன்றும் அதில் உண்டு. மேசையில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அப்போதுதான் கைப்பேசியில் முக்கியமான செய்தி வரும்.

"இன்னிக்கு யாருப்பா பெலாஞ்சா?"

"அண்ணே, போன தடவை நான்."

"போன தடவை நீ தேத்தண்ணிக்குத்தானே கட்டுன?"